மாடியிற் பிடித்த ஒளிமுகில்

சென்ற மார்கழியில், சங்கரன்கோவிலில் எம் வீட்டு மாடியிற் சிறு தொலைநோக்கியை நிறுத்தி, திருவாதிரை மீனுக்குத் தெற்கேயுள்ள ஓரையன் ஒளிமுகிலைப் படம்பிடிக்க முயன்றேன். தெருவிளக்கொளியில் முகிலின் மெல்லிய விளிம்புகள் மூழ்கிப்போயின. ஆதலால் ஒளிவடிகட்டிகள் இரண்டைப் பொருத்தினேன். ஒன்று ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர்ச் செவ்வொளியையும், மற்றொன்று ஆக்ஸிஜனின் 500.7 நானோமீட்டர்ப் பசிய ஒளியையும் மட்டுமே உள்ளே விடுவன. அப்பசுங்கோட்டினை 1864-இல் ஹக்கின்ஸ் என்பார் வேறோர் ஒளிமுகிலிற் கண்டார். அறியப்படாத தனிமமொன்றின் ஒளியென அறிஞர் எண்ணிய அது, எலெக்ட்ரான் இரண்டை இழந்த ஆக்ஸிஜனின் ஒளியே என்று 1927-இல் போவன் விளக்கினார்.

மூன்றிரவு எடுத்த படங்களை ஒன்றுசேர்த்துப் பாட்டியிடம் காட்டினேன். “குழாயிற் பார்த்தபோது சாம்பற் புகையாகவன்றோ தெரிந்தது? இந்நிறம் நீ பூசியதோ, அப்பா?” என்று வினவினாள். மங்கிய ஒளியில் நம் கண் நிறமறியாது என்றேன், அது மெய்யே. ஆயினும், அழகு கருதி யான் செம்மையை மிகுத்திருந்ததும் மெய். 1,300 ஆண்டுகட்கு மேலாக வழிநடந்து வந்த ஒளியின் சொல்லோடு என் சொல்லையுங் கலந்துவிட்டேனே என நாணினேன். அவ்விரவே அம்மிகையை நீக்கினேன்.

பாட்டியின் கட்டிலருகே இன்று தொங்குவது, நிறங்குறைந்த அப்படமே.