வாஷிங் மெஷின் இடத்தில் ஒரு மிருதங்கம்

சீட்டு எடுத்த 20,000 ரூபாயில் வாஷிங் மெஷின் வாங்குவதாகத்தான் வீட்டில் பேச்சு. அதற்காகப் பின்கட்டில் ஒரு மூலையைக்கூட ஒழித்து வைத்திருந்தோம். வந்து உட்கார்ந்ததோ மிருதங்கம்.

"46 வயசுல உனக்கு எதுக்கும்மா இது?" என்று சிரித்தான் கல்லூரியில் படிக்கும் என் மகன்.

எதற்கு என்றால், அது 35 வருடக் கதை. சின்ன வயதில் அண்ணனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வீட்டுக்கே வருவார். நான் அடுக்களையில் அரிசிப் படியைக் கவிழ்த்துப்போட்டு, அவர் சொல்கிற "தத் தி தொம் நம்"மைத் தட்டிக்கொண்டிருப்பேன். "நானும் கத்துக்கறேன்ப்பா" என்றபோது, "பொம்பளப் புள்ளைக்குப் பாட்டு போதும்" என்றார் அப்பா. அண்ணன் ஆறே மாதத்தில் கிரிக்கெட் மட்டையோடு ஓடிவிட்டான்.

அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்றுக்கொண்ட திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் கச்சேரி மேடைகளில் மிருதங்கம் வாசித்திருக்கிறார். அது அப்போது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, கணக்குக்கு வருகிறேன். "முதல் வருஷத்துக்குப் பழசே போதும்மா. பலாக்கட்டை விரிசல் இல்லாம இருக்கான்னு மட்டும் பாருங்க. தோலை எப்ப வேணா மாத்திக்கலாம்" என்றார் சொல்லிக்கொடுக்கும் சார். அவரே கைகாட்டிய இடத்தில் 9,500 ரூபாய்க்குப் பழைய மிருதங்கம் ஒன்று கிடைத்தது. உறை 700 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் ஃபீஸ். சுருதிப் பெட்டிக்கு போனில் இலவச ஆப். அவ்வளவுதான் செலவு என்று நினைத்தேன்.

ரவையை மறந்துவிட்டேன்! இடந்தலையில் கும்மென்று நாதம் வர, ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். "உப்புமாவுக்கு வெச்சிருந்த ரவை எங்கம்மா போச்சு?" என்று மாமியார் டப்பாவைத் திறந்து பார்த்த நாளில் வீடே சிரித்தது.

நான்காவது மாதம் சிரிப்பு நின்றது. வலந்தலையில் உள்ள கறுப்புச் சாதம் பெயர்ந்து, தோலும் கிழிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். "2,800 ரூபா ஆகும்மா" என்றார் அந்தப் பெரியவர். மளிகைக் கடையில் பேசுகிற பழக்கத்தில், "2,000 வெச்சுக்குங்க ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. "உட்காந்து பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். தோல்களை அடுக்கி, வாரைக் கோத்து, காலை உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தார். பிறகு சோற்றையும் கல்பொடியையும் பிசைந்த கறுப்பு மாவை மெல்லிய படலமாகத் தடவி, ஒரு கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு படலம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. விரல்கள் முழுக்கக் காய்ப்பு. என் பேரம் நினைவுக்கு வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. டி.எம்.கிருஷ்ணா 2020-ல் இந்தத் தொழிலாளர்களைப் பற்றியே 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதியிருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2,800 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது கூட்டிப் பார்த்தேன். நாலு மாதத்தில் 19,000 ரூபாய். மெஷின் காசு கரைந்தேவிட்டது. எனக்காக மட்டும் இவ்வளவு பெரிய தொகையை நான் செலவழித்ததே இல்லை. இன்னும் ஒரு தாளத்துக்குக்கூட உருப்படியாக வாசிக்க வரவில்லை. காலையில் துணி பிழிந்த கையோடு சாயங்காலம் வாசித்தால் விரல் வீங்குகிறது. போதும், நிறுத்திவிடலாம் என்ற முடிவோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

சொன்னதும் அவர் பேப்பரை மடித்து வைத்தார். "மெஷின் அடுத்த சீட்டுல வாங்கிக்கலாம். அதுவரைக்கும் துணி பிழியற வேலை என்னோடது. நீ கையைப் பார்த்துக்க" என்றார். மறுநாள் பெட்ஷீட்டைப் பிழிந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது வேறு கதை!

யாராவது புதிதாகக் கற்றுக்கொள்ள நினைத்தால் ஒன்று சொல்வேன். வாத்தியத்தின் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். தோல் மாற்றவென்று மாதாமாதம் கொஞ்சம் தனியாக எடுத்துவையுங்கள். இதைச் சேர்க்காததால்தான் நான் பாதியிலேயே பயந்துபோனேன்.

போன வாரம் மளிகை வந்தபோது ரவை இரண்டு பாக்கெட் இருந்தது. ஒன்றை டப்பாவில் கொட்டிய மாமியார், இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"இது உனக்கு. உப்புமா டப்பாவுல இனிமே கை வைக்காதே!"