பொழுது என்னும் முதற்பொருள்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் பிறந்தவர்களுக்கு வெயில் என்பது குறைபட்டுக்கொள்வதற்கென்றே உள்ள ஒன்று. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளின் களங்களில் மட்டும் அதற்கு மதிப்புண்டு. ஜவ்வரிசி அங்கே அதில்தான் காய்கிறது. மற்றபடி புளியமர நிழலில் ஒதுங்கியே நாங்கள் வளர்ந்தோம். வெயில் இல்லாமல் ஒரு மனம் வாடும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

எங்கள் தங்கை ஓஸ்லோவுக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டு மார்கழியில் அதுதான் நேர்ந்தது. "மூணேகாலுக்கே பொழுது உழுந்துருதுங்கண்ணா. எந்திரிக்கவே புடிக்கல" என்றாள். அந்நாட்களில் அங்கே பகல் ஏறக்குறைய 6 மணி நேரம். சேலத்தில் பதினொன்றரை மணி நேரம். நாங்கள் அதைக் கணக்கிடவில்லை. வீட்டு ஏக்கம் என்றார் அம்மா. சோம்பல் என்று நாங்கள் எண்ணினோம். "மனசைத் தைரியமா வெச்சுக்க கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தோம். பிறகு மூன்று வாரம் அவள் அழைக்கவில்லை.

இதில் எங்கள் வெட்கத்துக்குரியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் வகுப்பில் தொல்காப்பியம் நடத்துகிறோம். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்குரியவை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆயினும், எங்கள் வீட்டுப் பெண்ணின் துயருக்குப் பொழுது காரணமாகக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் மனத்திடத்தையே குறை கூறினோம்.

அங்குள்ள மருத்துவர் அதைப் பருவகால மனச்சோர்வு என்றார். 1984இல் நார்மன் ரோசந்தாலும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த நோய் அது. ரோசந்தாலே தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று, அங்கத்திய குளிர்காலத்தில் சோர்ந்தவர்தாம். கண்ணில் படும் காலை ஒளி மூளையின் உயிர்க்கடிகாரத்தை நேர்செய்கிறது. அவ்வொளி குறையும்போது விளக்கொளியால் ஈடுசெய்வதே சிகிச்சை.

தங்கைக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே மருத்துவர் முதலில் அவளைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் கேளாமல் இவ்விளக்கின்முன் அமரலாகாது. மிகை எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து உண்பவர்களும் அப்படியே. விளக்கு 10,000 லக்ஸ் ஒளி தருவதாகவும் புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகவும் இருக்க வேண்டும். விழித்தவுடன், தயாரிப்பாளர் குறித்த தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, 20 முதல் 30 நிமிடம் அமர வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே உற்றுப் பார்க்கலாகாது. தலைவலியோ கண்வலியோ வந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் அவள் குரல் தெளிந்தது. அம்மகிழ்ச்சியில் நாங்கள் மீண்டும் தவறு செய்தோம். "ராத்திரியும் அரை மணி வெச்சுப் பாரேன்" என்றோம். நான்கு இரவுகள் அவள் உறங்கவில்லை. காலையில் கடிகாரத்தைச் சரியாக்கும் ஒளி, இரவில் அதையே பின்னுக்குத் தள்ளும் என்று மருத்துவர் விளக்கினாராம். அன்பு காட்டுகிறவர்களுக்கும் அளவு தெரிய வேண்டும்.

இப்போது குளிர்காலங்களில் அவள் விளக்கின்முன் அமர்ந்தபடியே அழைக்கிறாள். அவளுக்குக் காலை ஆறரை, இங்கே பதினொன்று. வெயிலுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, திரையில் வெளிச்சம் பட்ட அவள் முகத்தைப் பார்த்திருப்போம். பேச்சின் நடுவே "அரை மணி ஆச்சுங்கண்ணா" என்று விளக்கை அணைப்பாள். இன்னும் கொஞ்சம் வை என்று நாங்கள் சொல்வதில்லை.