காயமும் வாய்ப்பூட்டும்

பல்கலைக்கழகம் மாணவனின் மனத்துக்குப் பாதுகாப்பான இடமாக இருத்தல் வேண்டுமா, அன்றி எதனையும் அஞ்சாது பேசும் இடமாக இருத்தல் வேண்டுமா என்ற விவாதம் மேல்நாடுகளிலே பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகின்றது. பழைய துயரங்களைக் கிளறக்கூடிய நூலையோ நிகழ்ச்சியையோ வகுப்பில் எடுத்துக்கொள்ளுமுன் ஆசிரியர் எச்சரிக்கை கூற வேண்டும் என்பது ஒரு கட்சி. அது மாணவரைக் குழந்தைகளாக்கிவிடும் என்பது எதிர்க்கட்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2014இல் எதிர்க்கட்சியின் பக்கம் நின்றது. சிக்காகோப் பல்கலைக்கழகம் 2016இல் புதிய மாணவர்க்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய எச்சரிக்கைகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறியது.

“வயிறு நிறைந்தவர்களின் வாதம் இது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. புத்தளம் கரையோரத்தில் ஆசிரியத் தொழில் செய்யும் என் போன்றவனுக்கு இவ்வினா ஏட்டில் உள்ளதன்று. வாரம் ஐந்து நாளும் அது வாங்கில் அமர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலும் அணைக்க, மணலும் உப்புக்காற்றுமாய் நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்த மண் இது. மறதியோடு போராடிய அந்த மனிதரின் ஊருக்கு, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், மறக்கவொண்ணாத துயரத்தைச் சுமந்த மக்கள் வந்து சேர்ந்தனர். வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஏறத்தாழ 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டனர்; பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். ஓலைக் கொட்டில்கள் முகாம்களாயின. முகாம்கள் நாளடைவில் ஊர்களாயின. இடங்கொடுத்த மக்களும் ஏழைகளே. கிணற்று நீரையும் கூலிவேலையையும் பள்ளிக்கூட வாங்கையும் பங்கிட வேண்டி வந்தபோது மனத்தாங்கல்களும் எழாமலில்லை.

அன்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். ஓரிரு தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. நானும் தமிழன். வெளியேற்றியவர்கள் பேசியதும் வெளியேற்றப்பட்டவர்கள் பேசுவதுமான ஒரே மொழியிலே பாடஞ் சொல்லுகிறேன். 1990ஐப் பற்றி இவ்வகுப்பிற் பேசலாமா? “பழைய புண்ணைக் கிளறாதீர்கள், பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கட்டும்” என்று கல்வித்துறையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் புத்தி கூறினார். அவர் கூற்றில் அன்பு இருந்தது. ஆயினும், அந்த அன்பினால் யாருக்கு நிம்மதி என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் செய்தது மிகச் சாதாரணமான காரியம். முதல் நாளே வகுப்பில் சொன்னேன்: “நாளை வெளியேற்றத்தைப் பற்றிப் பேசுவோம். விரும்பியவர்கள் வீட்டிலே கேட்டு வரலாம். கேட்க இயலாதவர்கள் எழுந்து போகலாம். காரணம் கேட்க மாட்டேன்.” மறுநாள் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒரு மாணவி மட்டும் கதவோரத்து வாங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடம் நடந்தது. பாதியில் அவள் தன் உம்மும்மாவின் பழைய நிவாரண அட்டையைப் புத்தகத்தினின்றும் எடுத்து மேசைமேல் வைத்தாள். “சேர், இது பரீட்சையில் வருமா?” என்று கேட்டாள். வராது என்றேன். “அப்படியானால் இதை எங்கே எழுதுவது?” என்றாள். பின்வாங்கிலிருந்த தமிழ்ப் பையன் ஒருவன், “நாங்கள் அதற்கு என்ன செய்தோம், சேர்?” என்றான். நீ எதுவும் செய்யவில்லை. ஆனால் கேட்கலாம் அல்லவா என்றேன். அவன் கேட்டான்.

இதனைக் கொண்டு எச்சரிக்கை ஒரு மருந்து என்று நான் சாதிக்க வரவில்லை. இத்துறையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கட்டுரையொன்று, முன்னெச்சரிக்கை மனவேதனையைக் குறைப்பதில்லை, கேட்பதற்கு முன்னுள்ள பதற்றத்தைச் சற்றுக் கூட்டுகிறது, பெரும்பாலோரை விலகிப் போகச் செய்வதுமில்லை என்று முடிவு கூறுகிறது. ஆகவே எச்சரித்தால் காயம் ஆறும் என்பாரும், எச்சரித்தால் கல்வி அழியும் என்பாரும், இருசாராருமே மிகைப்படுத்துகின்றனர். காற்று மாறுகிறது என்று கடலுக்குப் போகிறவனுக்குச் சொல்லுவது காற்றை அடக்காது. அவனைக் கோழையாக்கவும் செய்யாது. அது மனிதனுக்கு மனிதன் காட்டும் மரியாதை. ஆனால் “கடலென்ற பேச்சையே எடுக்காதே” என்பது மரியாதையன்று, வாய்ப்பூட்டு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதிலேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

அந்த ஆபத்தை நம் நாட்டிலேயே கண்டோம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. அமைதிக்கு ஊறு நேராதிருக்க வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். மாணவர் உண்ணாவிரதமிருந்து போராடினர். அவ்வாண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. அப்போராட்டத்தைப் போற்றாத முற்போக்காளன் இருக்க முடியாது. ஆனால் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் அதே பல்கலைக்கழகத்தில் நீதித்துறை பற்றிப் பேசவிருந்த வழக்கறிஞர் சுவஸ்திகா அருலிங்கத்தின் உரை, மாணவர் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. அவர் முன்னொருகால் விடுதலைப் புலிகளைப் பாசிச அமைப்பென்று கூறியமையே குற்றம். அச்சொல் எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது என்றார்கள். அச்சொல்லை மறுத்து வாதாட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மேடையை மூடும் உரிமை உண்டா? அதே ஒக்டோபர் இறுதியிலேதான் புத்தளத்தில் வடபுல முஸ்லிம்கள் தம் வெளியேற்றத்தை நினைவுகூருகின்றனர் என்பதை அம்மாணவர் எண்ணியிருப்பாரா?

அப்பல்கலைக்கழகத்துக்கு வேறொரு மரபும் உண்டு. அங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி திராணகம, அரச படை, இந்தியப் படை, இயக்கங்கள் என எவரையும் விடாது உண்மையை எழுதினார். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவர் அவர். 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொல்லின் காயம் வேறு, துப்பாக்கியின் காயம் வேறு என்பதை நமக்குக் கற்பிக்க மேல்நாட்டார் வரவேண்டியதில்லை.

உடம்பின் பாதுகாப்பைப் பற்றி இடதுசாரிகளாகிய நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வியொன்றும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதையினால் உயிரிழந்தான். மறு ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடை செய்தது. 2002இல், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்து இயங்கிய மாணவன் சமந்த விதானகே தாக்கிக் கொல்லப்பட்டான். சட்டம் இருக்கிறது, வதையும் இருக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையின் ஆணவத்தை அடக்கி எல்லாரையும் சமமாக்குகிறோம் என்று, நமது சொற்களையே கடன் வாங்கி, அதற்கு நியாயம் கற்பிக்கின்றனர். இச்சமத்துவத்தின் இலட்சணம் என்ன? கூலிக்காரன் மகளும் கருவாடு காயவைப்பவள் மகனும் அன்றோ முதலில் அஞ்சிப் படிப்பை விட்டு ஓடுகின்றனர்? செல்வன் மகனுக்கு வேறு கல்லூரி உண்டு. வேறு நாடும் உண்டு. அவமானத்தினால் வர்க்கம் ஒழிந்ததாக வரலாறில்லை. மாணவர் சங்கங்கள் இவ்வதையை மூடி மறைக்கும்போது, மூத்தவர்கள் பலர் அது வளாகத்து வழக்கமென்று வாளாவிருக்கின்றனர்.

ஆகவே ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: கேட்பவர் யார்? யாரிடமிருந்து பாதுகாப்பு? அதன் பொருட்டு எது மூடப்படுகிறது? கதவோரத்து வாங்கைக் கேட்ட பெண் யாருடைய வாயையும் மூடவில்லை. அவள் கேட்டது இருந்து கேட்பதற்கான வழி. தூபியை இடித்தவர்களும் மேடையை மூடியவர்களும் கேட்டது பிறர் பேசாதிருப்பதற்கான வழி. முன்னதை வழங்குவது ஆசிரியனின் கடமை. பின்னதை மறுப்பதும் அவனுடைய கடமையே.

இவ்வாண்டும் கற்பிட்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் பிள்ளைகள் சிலர் பெட்டி படுக்கையுடன் பல்கலைக்கழகம் புகுவர். அவர்களுட் சிலர், பாட்டன் பாட்டியரை வெளியேற்றிய அதே யாழ்ப்பாணத்துக்கே போவர். விடுதியில் இரவு அவர்கள் அச்சமின்றி உறங்க வேண்டும். பகலில் விரிவுரை மண்டபத்தில், தமக்கும் பிறர்க்கும் உவப்பில்லாதவற்றை அச்சமின்றிக் கேட்கவும் சொல்லவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தந்து மற்றதைப் பறிக்கும் கல்விச்சாலை இரண்டையுமே தரவில்லை.