கைப்பிடி எந்தப் பக்கம்?

என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பாசார் மாலாமில் துணி விற்றவர். திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை இன்னோர் ஊர் என்று வாரம் முழுக்க ஓடியது எங்கள் நிசான் வேனெட். பின்பக்கம் ஜன்னலே இல்லாத சரக்கு வேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் குறைந்துவிட்டது. கடை நின்றது, வேனும் வீட்டு வாசலில் நின்றது.

"பழைய இரும்பு வாங்குற தவுக்கே கேக்குறாருமா. குடுத்திடுவோம்" என்றான் மகன். உள்ளே நாற்காலியில் இருந்தவருக்கு அது கேட்டது. அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

அவரை வெளியே கூட்டிப்போவது எவ்வளவு சிரமம் என்பது இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுக்க வேண்டும். சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு முறை அவமானப்பட்டதிலிருந்து மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் வர மறுத்துவிட்டார். அப்போதுதான் யோசித்தேன். படுக்கை, திரை, பாத்திரம் மூன்றையும் கையோடு எடுத்துப் போனால் என்ன? அதற்குத்தான் வாசலில் ஒரு வேன் நிற்கிறதே.

தச்சு வேலை எனக்குத் தெரியாது. கடைக்கு மேசை, சட்டம் எல்லாம் அவர்தான் அடிப்பார். நான் ஆணி எடுத்துக் கொடுப்பேன். இந்த முறை நான் அடித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தப்பாக அறுத்தால் இடது கையால் நாற்காலியைத் தட்டுவார். நிறையத் தட்டினார்.

முதலில் தரைவிரிப்பைப் பிய்த்தேன். அடியில் துரு. கம்பித் தூரிகையால் சுரண்டி, துருவைத் தடுக்கும் சாயம் பூசவே நான்கு நாள் ஆயிற்று. இதை விட்டுவிட்டு நேரே பலகை அடிக்கிறவர்கள் உண்டு. நம் நாட்டு ஈரத்துக்கு, பலகைக்குப் பின்னால் தகரம் அரித்துக்கொண்டே போகும். பிறகு கூரையிலும் பக்கத்திலும் வெள்ளித் தாள் ஒட்டிய நுரை விரிப்பு. அதன்மேல் மெல்லிய பிளைவுட். படுக்கைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு நீளப் பெட்டிகள். மூடிதான் படுக்கை, உள்ளே சாமான். எதையும் வேனோடு சேர்த்து ஒட்டவில்லை. சரக்கு கட்டும் வளையங்களில் பெல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன், வேண்டுமானால் கழற்றிவிடலாம்.

படுக்கையின் உயரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் அவர் எழுந்து நிற்கத் தோதான கட்டில் 18 அங்குலம். அதே அளவில் வேனுக்குள் பெட்டி செய்தேன். உட்கார வைத்தால் தலை கூரையில் இடித்தது. இரண்டு நாள் வேலை வீண். பலகையை மறுபடி அறுத்து 10 அங்குலமாக்கினேன். தலை தப்பித்தது, ஆனால் அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து எப்படி எழுவார்? வழியைக் காட்டியவர் அவர்தான். பக்கக் கதவின் ஓரம் வரை படுக்கையை இழுக்கச் சொல்லிக் கை காட்டினார். காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தால் போதும், உள்ளே நிற்கவே வேண்டாம். கீழே ஒரு படிப் பெட்டி. அந்தப் படியிலிருந்து படுக்கைக்கு 18 அங்குலம் வருமாறு செய்தோம்.

பிடித்து எழக் கைப்பிடி வேண்டுமல்லவா? நானே கதவோரம் உட்கார்ந்து பார்த்து, கை இயல்பாகப் போன இடத்தில் துளை போட்டு இறுக்கினேன். அவரை உட்கார வைத்தேன். கைப்பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டவில்லை.

நான் நீட்டியது என் வலது கை. கைப்பிடி இருந்தது அவருடைய உயிரில்லாத பக்கம்.

மூன்று ஆண்டுகளாகச் சோறு ஊட்டி, சட்டை போட்டுவிட்டு, எனக்கே அது மறந்துபோயிருக்கிறது. அன்று வேலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் பின்பக்கத் தூணில் மாற்றி வைத்தேன். எந்த இடம் என்று பென்சிலால் கோடு போட்டது அவர். கோடு கோணலாகத்தான் இருந்தது. அதை அழிக்கவில்லை.

மின்சார வேலை மகனுடையது. தவுக்கேயை மறந்துவிட்டு, வேலை முடிந்து வந்து இரவில் செய்தான். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. கணக்குப் போட்டால் 1,280 வாட்-மணி. விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து 40 வாட் என்றால், பத்து மணி நேரத்துக்கு 400தான். ஏர்கோனுக்கு இது போதாது. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்காமல் வயரைத் தொடவே விடவில்லை அவன்.

வாசலிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தோம். பதினோரு மணிக்கு இருவரும் வியர்வையில் குளித்து வீட்டுக்குள் வந்துவிட்டோம். வெப்பத்தைத் தடுக்கும் நுரை காற்றைக் கொண்டு வராது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. கூரையில் துளையிட்டு விசிறி வைக்கலாம் என்றான் மகன். பாடியை வெட்டுவதென்றால் முதலில் ஜேபிஜேயில் கேட்க வேண்டும். பழைய கூரையை வெட்ட எனக்குத் துணிச்சலும் இல்லை. அதனால் முன் கதவின் கண்ணாடியை இறக்கி, அந்த இடத்துக்குப் பலகை வெட்டி, காற்றை வெளியே தள்ளும் விசிறியை அதில் பொருத்தினோம். பின்கதவை ஒரு சாண் திறந்து கட்டிக் கொசுவலை போட்டோம். இப்போது காற்று காலடியில் நுழைந்து தலைப்பக்கம் வெளியேறுகிறது. வேனெட்டின் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரமாவது சூடு ஆற விட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கேஸ் அடுப்பும் எங்களுக்கு வெளியேதான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை தெலுக் செனாங்கின் போனோம். நான்தான் ஓட்டினேன். கஞ்சில் ஓட்டிப் பழகிய கைக்கு வேனெட்டின் கியர் முரண்டு பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வழியெல்லாம் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு முறை நிறுத்தினேன். திரையை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

விடியற்காலை விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. நெஞ்சு பதறிப்போயிற்று. திரும்பிப் பார்த்தால் கதவைத் திறந்துவைத்து, இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தானாக எழுந்து தானாக உட்கார்ந்திருக்கிறார். "ஏங்க, என்னைக் கூப்பிடக்கூடாதா?" என்றேன்.

பதிலுக்குக் காலடியைக் காட்டினார். படிப் பெட்டியின் கால்கள் மணலில் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

"பலகை" என்றார்.

அடியில் வைக்க அகலமான பலகை வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் அறுத்தேன். இந்த முறை ஒரு தடவைதான் தட்டினார்.