ஒரு அறைக்கான கணக்கு

சாலையோரம் குடியிருப்பவர்களைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் புகைப்படங்களோடுதான் போவார்கள். மேம்பாலத்தடியில் சுருண்டு கிடக்கும் முதியவர், தார்ப்பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தை. கூட்டம் உச்சுக் கொட்டும். போர்வைக்கு வசூல் நடக்கும். அதோடு சரி. சமூகப்பணி முதுகலை படிக்கும் என்னிடம், கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத் தம்பி தங்கைகளுக்கு ஒரு பயிலரங்கு நடத்தச் சொன்னார்கள். படம் காட்டுவதில்லை என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். இரக்கம் வந்துவிட்டால் யோசனை நின்றுவிடுகிறது.

படத்துக்குப் பதில் ஒரு கணக்கைக் கொடுத்தேன். பாரிமுனையில் மூட்டை தூக்கும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். வேலை கிடைக்கிற நாளில் ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்காத நாளும் உண்டு. இந்தக் குடும்பத்துக்குச் சென்னையில் ஒரு அறை பிடித்துக் கொடுங்கள்.

குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வாடகை ஐயாயிரம் என்று ஒரு குழு எழுதியதும் பக்கத்துக் குழுவிலிருந்து சிரிப்பு: "அக்கா, அந்த ஏரியாவுல அதுக்கு மாடிப்படிதான் கிடைக்கும்." அந்த ஐயாயிரத்துக்கே நகர வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ஐம்பதாயிரம். புரோக்கர் கமிஷன் தனி. ஆதார் கேட்பார்கள், வேலை எங்கே என்பார்கள், ஊரைக் கேட்கிற சாக்கில் சாதியையும் கேட்பார்கள். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. விடுதியில் இடம் கிடைக்காமல் அறை தேடி அலைந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே பலர் இருந்தார்கள். "பேச்சுலரா?" என்ற ஒற்றைக் கேள்வியில் கதவு சாத்தப்பட்டவர்கள். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து பேசியிருந்தால் குறிப்பெடுத்திருப்பார்கள். அன்று ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்தினார்.

செலவுப் பக்கத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. தெருவில் இருந்தால் வாடகை மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அடுப்பு மூட்ட முடியாத நாளில் கடைச் சாப்பாடு. கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி கொஞ்சம் கைகொடுக்கும். மிச்சம் பிடித்ததைப் பூட்டி வைக்க இடம் கிடையாது. ஒரு பெருமழையில் துணிமணியும் பிள்ளைகளின் புத்தகமும் போனால் மறுபடி முதலிலிருந்து. அட்வான்ஸ் தொகை எந்தக் குழுவுக்கும் சேரவில்லை.

அப்போதுதான் ஒருவர் கேட்டார்: "கவர்மென்ட் காப்பகம் இருக்கே அக்கா, அங்க ஏன் போக மாட்டேங்கறாங்க?"

நியாயமான கேள்வி. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பிளாட்பாரத்தில் ஒன்றாக இருக்கிற குடும்பம் அங்கே போனால் பிரிந்துதான் படுக்க வேண்டும். அதோடு, விடிவதற்கு முன்னால் லாரி வந்து நிற்கும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். தூங்கும் இடம் தள்ளிப் போனால் அன்றைய கூலி போயிற்று.

பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவர்கள் நடைபாதையில் தங்குகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றே தீர்ப்பு முடிந்தது. சென்னையிலும் நகரத்தின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. வேலை வெகுதூரம் தள்ளிப்போனது. 2011 பிப்ரவரி 28 இரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் எண்ணியபோது நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பது பதிவாயிற்று. எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏன் அங்கே தூங்குகிறார்கள் என்பது புரியும்.

கடைசியில் வழக்கம்போல "நாம என்ன செய்யலாம்?" வந்தது. போர்வை வாங்கலாம் என்றார்கள். வாங்கட்டும், மார்கழிக்கு ஆகும். நான் அவர்களிடம் சொன்னது வேறு. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஒரு பயிலரங்கால் யாருக்கும் வீடு வந்துவிடாது. ஆனால் வந்திருந்தவர்களில் சிலர் நாளை அரசுத் தேர்வெழுதி மாநகராட்சி நாற்காலியில் உட்காருவார்கள். சிலர் கடன் வாங்கி மாடி எழுப்பி வாடகைக்கு விடுவார்கள். அன்று போட்ட கணக்கு அப்போது நினைவிருந்தால், கையெழுத்துப் போடும்போதோ அட்வான்ஸ் சொல்லும்போதோ ஒரு குடும்பத்துக்காவது வழி விடுவார்கள்.