சிவிங்கியும் நம் ஊர்ச் சிறுத்தையும்

டி.வி.யில் குனோ செய்தி வரும்போதெல்லாம் என் மனைவி "சிறுத்தை" என்பாள். நான் "சிவிங்கி" என்று திருத்துவேன். அவள் மேல் தப்பில்லை, செய்தி வாசிப்பவர்களே குழப்புகிறார்கள். சிறுத்தை நம் மலைகளிலேயே இருக்கிறது. விமானத்தில் கொண்டுவர வேண்டியதில்லை. இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது சிவிங்கி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12, மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தன. சில செத்தன, குட்டிகளும் பிறந்தன. பேப்பரில் படித்திருப்பீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காட்டிலிருந்து 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். பெரும்பாலும் சஹாரியா பழங்குடிகள். சிவிங்கிக்காக அல்ல, குஜராத் கிர் காட்டுச் சிங்கங்களுக்காக! எல்லாச் சிங்கமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு தொற்றுநோய் போதும், வம்சமே போய்விடும், அதனால் இரண்டாவது வீடு வேண்டும் என்றார்கள். நியாயம்தான். 2013இல் உச்ச நீதிமன்றமே சிங்கங்களை அனுப்பச் சொன்னது. அதே தீர்ப்பு ஆப்பிரிக்கச் சிவிங்கி வேண்டாம் என்றது. 2020இல் சோதனையாகச் செய்து பாருங்கள் என்று அனுமதித்தது. குஜராத்துச் சிங்கம் இன்றுவரை வரவில்லை. ஜனங்கள் போனதுதான் மிச்சம். இருபது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்த மாதிரி சிவிங்கி வந்தது.

நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன். லா ஃபோந்தேனின் ஓநாய், ஆட்டுக்குட்டிக் கதை எங்களுக்குப் பாடம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் பிரான்சில் ஓநாயே கிடையாது, வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 1992இல் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் வழியாகத் தானாகவே திரும்பி வந்தது. யாரும் அழைக்கவில்லை. செத்த ஆட்டுக்கு நஷ்டஈடு, காவல் நாய்க்கு மானியம் என்று அரசாங்கம் கொடுத்தும் இடையர்களின் கோபம் தணியவில்லை.

நம் பக்கமும் அழைக்காமல்தான் வருகிறது. 2024 ஜூனில் திருப்பத்தூர் டவுனில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்குள் சிறுத்தை புகுந்து, பிறகு கார் ஷெட்டில் பதுங்கியது. காருக்குள் சிலர் மாட்டிக்கொண்டார்கள். மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதே டிசம்பரில் குடியாத்தம் பக்கம் ஓர் இளம்பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டது. இதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

ஆட்டுக்கு மட்டும் கணக்கு உண்டு. நான் இருந்த அலுவலகத்துக்கு அந்த மனுக்கள் வரும். கால்நடை மருத்துவர் சான்று, வனத்துறை அறிக்கை, ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. பல் பட்ட தோலைத் தோல் மண்டியிலும் விலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையடிவாரத்து அம்மா ஒருவர் என் மேஜை முன் நின்று சொன்னார்: "புடிச்சிக்கினு போங்கன்னு கேக்கல சாமி, அது வாயில்லா ஜீவன். அடுத்த குட்டி வாங்குறதுக்குள்ள பணம் வந்தா போதும்." மனுவை மேலே அனுப்பினேன். நான் மாற்றலாகும் வரை பணம் வரவில்லை.

குனோவை விட்டு வெளியே போன சிவிங்கிகளும் ஊராட்டைப் பிடிக்கின்றனவாம். அங்கேயும் ஒரு குமாஸ்தா மனு வாங்கி நம்பர் போட்டுக்கொண்டிருப்பார்.