திரும்பி வரும்போது நான்கு பேர்



பயணத்திற்கு மூட்டை கட்டுகிற ஒருவரைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். அவர் எதை எடுத்து வைக்கிறார், எதை விட்டுச் செல்கிறார் என்பதிலிருந்தே அவருடைய எண்ணத்தில் யார் யாருக்கு இடமிருக்கிறது என்பது விளங்கிவிடும். இவ்வாரம் அதைக் குறித்தே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இச்சிந்தனை எனக்குக் கிடைத்த இடம் என் மகன் விளையாடுகிற ஒரு கணினி விளையாட்டு. முகம் சுளிக்காமல் தொடர்ந்து வாசியுங்கள்.

அவ்விளையாட்டின் பெயர் ரிம்வேர்ல்ட். டைனன் சில்வெஸ்டர் என்பவர் உருவாக்கியது. அதன் முழுமையான முதற்பதிப்பு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. விண்கலம் உடைந்து, அறிமுகமில்லாத ஒரு கோளில் வந்து விழுந்த மூன்று பேரோடு அது பெரும்பாலும் தொடங்குகிறது. அவர்கள் வீடு கட்டவேண்டும், பயிரிடவேண்டும், நோயையும் குளிரையும் கொள்ளையரையும் தாங்கிப் பிழைக்கவேண்டும். ஒரு குடியிருப்பு உருவான பிறகு, வணிகத்திற்காகவோ பிறரை மீட்பதற்காகவோ சிலர் குழுவாகப் புறப்பட்டு வெகுதூரம் செல்வதுண்டு.

அப்படிப் புறப்படும் குழுவுக்கு உணவும் மருந்தும் வேண்டும் என்பது எவருக்கும் தோன்றும். எளிதில் மறந்துபோவது படுக்கைச் சுருள். இரவு பத்து மணிக்குக் குழு நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு மறுபடியும் நடக்கத் தொடங்கும். சுருள் இல்லாதவர் வெறுந்தரையில் படுப்பார். தரையில் உறங்குகிறவருக்கு நல்ல கட்டிலில் கிடைக்கும் ஓய்வில் 80 விழுக்காடுதான் கிடைக்கும். அதே எட்டு மணி நேரம் உறங்கியும் அவர் களைப்போடுதான் எழுந்திருப்பார்.

ஒரு சுருளைச் செய்வதற்கு 40 அளவு துணியோ தோலோ வேண்டும். அதை முன்கூட்டியே செய்து, சுருட்டி, ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். வீட்டில் விரித்துக் கிடப்பதை எடுத்துச் செல்வதானாலும், முதலில் அதைச் சுருட்டிக் கட்டவேண்டும். சுமையும் கணக்கில் உண்டு. ஒருவரால் சுமக்கக்கூடியது 35 கிலோ. பாரம் அளவுக்கு மிஞ்சினால் குழு ஓர் அடியும் நகராது.

ஒரு நாள் மாலை, கொள்ளையரிடம் சிறைப்பட்டிருந்த ஒருவரை மீட்பதற்கு என் மகன் மூன்று பேரை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தான். அவன் நான்கு சுருள்களை எடுத்து வைத்ததைக் கண்டேன். சுமை மிஞ்சியதால், போகும் வழியில் விற்பதற்கென்று வைத்திருந்த கற்சிலை ஒன்றைப் பட்டியலிலிருந்து நீக்கினான்.

“போவது மூன்று பேர்தானே, தம்பி? நான்காவது எதற்கு?” என்று கேட்டேன்.

“திரும்பி வரும்போது நாலு பேர், அப்பா” என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

அருமையானவர்களே, இந்த ஒரு சொல்லை நான் பல நாள் சிந்தித்துக்கொண்டிருந்தேன். நாம் பெரும்பாலும் போகிறவர்களின் தலையை எண்ணி மூட்டை கட்டுகிறோம். வரப்போகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவரைக் கண்டுபிடிப்போமா என்பதும் நிச்சயமில்லை. ஆயினும், அவருக்கான படுக்கை நாம் புறப்படும்போதே நம் தோளில் இருந்தால்தான் அவருக்குப் பயன்படும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றிய சமாரியனின் கதையை நாம் அறிவோம். அவனிடத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஏற்கெனவே இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

விளையாட்டில் அடுத்து நடந்தது இதுதான். மீட்கப்பட்டவருக்குக் காயத்தில் தொற்று ஏற்பட்டிருந்தது. அங்கே தொற்று என்பது ஓர் ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் நோய் முற்றிக்கொண்டே போகும். மறுபக்கம் உடலின் எதிர்ப்பாற்றல் வளரும். எது முதலில் நூறை எட்டுகிறதோ அதைப் பொறுத்து அந்த மனிதர் பிழைப்பார் அல்லது மரிப்பார். மருந்து நோயைத் தாமதப்படுத்தும். படுக்கையில் கிடைக்கும் ஓய்வு எதிர்ப்பாற்றலை விரைவுபடுத்தும். என் மகன் குழுவை வழியிலேயே நிறுத்தினான். நான்காவது சுருளில் அவர் படுத்தார். மற்ற மூவரும் காத்திருந்தார்கள். காத்திருந்த ஒவ்வொரு நாளும் கையிலிருந்த உணவு குறைந்தது. இரண்டு நாட்களுக்குப் பின் எதிர்ப்பாற்றல் முந்தியது. நான்கு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சுருளைக் கொண்டுபோனால் மட்டும் போதாது என்பதையும் அங்கே கண்டேன். அதை விரிப்பதற்கு நாம் நிற்கவும் வேண்டும். பொருளைக் கொடுப்பது நம்மில் பலருக்கு இயலும். பிறருடைய பலவீனத்தின் வேகத்திற்கு நம் பயணத்தைத் தாமதிக்க இசைவது அதைவிடக் கடினம்.

இதை விளையாட்டோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருந்தவர்கள் நம் சபையில் அநேகர். இரவில் அந்த வராந்தாவின் காட்சியை நீங்கள் அறிவீர்கள். முன்னேற்பாட்டோடு வந்தவர்கள் பாயும் போர்வையும் விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு அருகில், வயலிலிருந்தோ வேலைத்தலத்திலிருந்தோ நேராக ஆம்புலன்சில் ஏறி வந்த ஒருவர், கட்டிய சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் மூட்டை கட்டவே இல்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை. விடிந்ததும் மருந்துச் சீட்டோடு ஒவ்வொரு வரிசையிலும் நிற்கவேண்டியவர் அவர்தான். அவர் உறங்காவிட்டால் நோயாளிக்கும் துணையில்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி நீங்கள் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லும்போது, உங்களுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பாயும் ஒரு போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். யாருக்கு என்று இப்போதே தெரியவேண்டியதில்லை. இடம் போதாவிட்டால், பையிலிருந்து வேறொன்றை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். வாங்க இயலாதவர்களுக்காக, ஆலயத்தின் பக்க அறையில் ஆறு பாய்களும் ஆறு போர்வைகளும் துவைத்து மடித்து வைக்கப்படும். சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். எந்த நேரத்திலும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது பாய் ஒன்று குறைந்திருந்தால் எவரும் உங்களிடம் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இவ்வாரத்தில் நீங்கள் எங்கே புறப்பட்டாலும், மூட்டையைக் கட்டி முடிக்குமுன் ஒரு நிமிடம் நின்று, திரும்பி வரும்போது எத்தனை பேர் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போக்கும் வரத்தும் சமாதானமாயிருப்பதாக.